பாதி வேலைக்கு முழுக் கூலி



விளக்குக்கு அடியில் இருட்டு என்பது பெரியோர் வாக்கு. கடலூர் மாவட்டத்தில் வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள், 1956-ல் ஒரு பெரும் நிறுவனத்திற்கு வித்தாயிற்று. 1962 முதல் நெய்வேலி அனல்மின் நிலையம் தென்னாட்டிற்கு ஒளி வழங்கத் தொடங்கிற்று. அந்த ஒளியின் விலையைப் பணமாக மட்டுமன்றி மண்ணாகவும் கொடுத்த ஊர்கள் நெய்வேலியைச் சுற்றிலும் உள்ளன. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், 2023 ஜூலை மாதத்தில், நெற்பயிர் நின்ற வயல்களில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஆதலால், நிலத்தைத் தோண்டாமலும் புகை எழுப்பாமலும் சொந்த வீட்டுக் கூரையிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்ற செய்தி பரவியபோது, இப்பகுதி மக்கள் அதனை ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. பழுப்பு நிலக்கரிக்கெனவே பிறந்த நெய்வேலி நிறுவனம்கூட இன்று சூரிய மின்நிலையங்களையும் நடத்துகின்றது. திருச்சபையும் இதில் பின்தங்கவில்லை. வத்திக்கானில் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரைமீது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூரிய மின்தகடுகள் 2008-லேயே பொருத்தப்பட்டன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ என்னும் சுற்றுமடல், பூமியை நம் பொது இல்லமாகப் பேணும்படி உலகோரை அழைத்தது. 2024 ஜூனில் அவரே ‘சகோதரன் சூரியன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு மடல் விடுத்து, உரோமைக்கு வெளியேயுள்ள வத்திக்கான் நிலத்தில் சூரிய மின்நிலையம் அமைக்க ஏற்பாடு செய்தார்.

எனவே சூரிய மின்சாரம் நல்லதா, கெட்டதா என்பது இத்திங்கள் நம் கேள்வி அன்று. அதைப் பொருத்தித் தருபவரின் வாக்கும், பொருத்திக்கொள்பவரின் விழிப்பும் எப்படி இருக்கின்றன என்பதே கேள்வி. ஏனெனில், கதிரவன் நல்லோர் தீயோர் என்று பாராமல் எல்லார் கூரைமீதும் காய்கின்றான். அந்த வெயிலுக்கும் நம் வீட்டு விளக்குக்கும் இடையே நிற்பவனோ மனிதன்.

சேத்தியாத்தோப்பில் ஒரு வீடு

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பம் அது. பணிக்கொடையில் கட்டிய வீடு, மொட்டைமாடி, கணவன், மனைவி, பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகள். கோடையில் குளிர்சாதனம் ஓடியதால், இரண்டு திங்களுக்கு ஒருமுறை வரும் மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிற்று. தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 500-ஐத் தாண்டிய குடும்பம், இருக்கும் சலுகையில் ஒரு பகுதியையும் இழந்துவிடும். அவ்வேளையில்தான் மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ மானியத் திட்டத்தைப் பற்றி ஆசிரியர் கேள்வியுற்றார்.

திட்டத்தின் அமைப்பு இதுதான். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் வைத்தாலும் மானியம் அவ்வளவே. நம் பகுதி வெயிலில் ஒரு கிலோவாட், ஏறத்தாழ நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். மானியம் முன்னதாக வருவதன்று. தகடுகள் ஏறி, வரவையும் போக்கையும் கணக்கிடும் புதிய மீட்டர் மாட்டி, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிற்கு வந்து சேரும். அதுவரை செலவு முழுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்த இடத்தை வாசகர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பின்னால் நிகழ்ந்த துன்பம் அனைத்தும் இதிலிருந்தே முளைத்தது.

இந்த வேலையை எடுத்துச் செய்யும் ஒருவரை ஆசிரியருக்கு நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்தினார். அரசுப் பட்டியலில் இருந்த ஒரு நிறுவனத்தின் பெயரில் வேலை பிடித்துச் செய்பவர். இனிய பேச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நம் மறையைச் சேர்ந்தவர், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர்’ என்ற நற்சான்று. ஆசிரியருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? மொத்தம் 2,10,000 ரூபாய் என்று பேசி முடித்தார்கள். 1,80,000 ரூபாய்க்கு வங்கிக் கடன். மீதி 30,000 ரூபாயை ஆசிரியர் தம் கையிலிருந்து கொடுத்தார். பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. “நமக்குள் என்ன சார் சீட்டு?” என்று அவர் சிரித்தாராம். ஆசிரியரும் சிரித்தார்.

ஒரு கையொப்பம்

2024 அக்டோபரில் இரும்புச் சட்டங்கள் வந்தன. இளைஞர்கள் மூவர் தளத்தில் துளையிட்டுச் சட்டங்களை நிறுத்தி, ஆறு தகடுகளையும் ஏற்றினர். தெருவில் போவோர் அண்ணாந்து பார்த்தனர். மறுநாளே பொருத்துநர் ஒரு தாளோடு வந்தார். ‘வேலை முழுதும் நிறைவாக முடிந்தது’ என்று அதில் அச்சிட்டிருந்தது. “வங்கிக்கு ஒரு சம்பிரதாயம் சார். நீங்கள் கையொப்பம் இட்டால்தான் நிறுவனத்திற்குப் பணம் வரும், பணம் வந்தால்தான் இன்வெர்ட்டர் வரும்” என்றார். நாற்பதாண்டு பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர், அந்தத் தாளில் இருந்தது பொய் என்பதை அறியாதவர் அல்லர். ஆயினும் முகத்துக்கு நேரே மறுக்க மனம் வரவில்லை. கையொப்பமிட்டார். அதன்பிறகு வங்கிப் பணம் நேரே நிறுவனத்தின் கணக்கிற்குப் போயிற்று.

இன்வெர்ட்டர் வரவில்லை. நவம்பரில் “அடுத்த வாரம்” என்றார். பிறகு “சென்னையிலிருந்து வண்டி புறப்பட்டுவிட்டது” என்றார். பிறகு கைப்பேசியை எடுப்பதே இல்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டமெங்கும் மழை கொட்டியது நமக்குத் தெரியும். சட்டங்களுக்காகத் தளத்தில் இட்ட துளைகளைச் சுற்றிச் சாந்து பூசி முறையாக அடைக்காததால், மழைநீர் இறங்கி, மகளும் குழந்தையும் படுத்திருந்த அறையின் கூரை ஒழுகிற்று. கடனுக்கு மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் பிடிக்கப்பட்டது. தகடு மேலே இருந்தது, மின்கட்டணமும் குறையவில்லை, மானியமும் வரவில்லை, வட்டி மட்டும் ஏறிற்று. நிறுவனத்தைக் கேட்டால், “வேலை முடிந்ததாக நீங்களே கையொப்பமிட்டிருக்கிறீர்களே” என்று பதில் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகடு ஏற்ற வந்த இளைஞர்களுக்கு ஆசிரியரின் மனைவிதான் மூன்று நாளும் மதியச் சோறு போட்டார். அவர்களில் ஒருவன், புயலுக்குப் பின் ஒருநாள் வாசலில் வந்து நின்றான். “அம்மா, அவர் இங்கே வந்தாரா? எங்களுக்கு இன்னும் கூலி வரவில்லை” என்றான். அந்த அம்மையார் நம்மிடம் இதைச் சொன்னபோது, தம் வீட்டு ஒழுக்கைவிட இதற்காகவே அதிகம் வருந்தினார்.

பணம் போன வழி

பொருத்துநர் பிறவிக் கயவர் அல்லர் என்பது பின்னர்த் தெரிய வந்தது. ஒரு வீட்டில் வாங்கிய பணத்தைக்கொண்டு அதற்கு முந்திய வீட்டின் வேலையை முடிப்பது. அந்த வீட்டின் வேலையை முடிக்க அடுத்த வீட்டில் முன்பணம் வாங்குவது. கடன் வாங்கிக் கடன் அடைப்பது போன்ற வாழ்க்கை. இவ்வகைத் தொழிலில் எங்காவது ஒரு வீடு வராமற்போனால், அதற்கு முந்திய வீடு அந்தரத்தில் தொங்கும். ஆசிரியர் வீடு அவ்விதம் தொங்கிய வீடு. மனமறிந்து திருட வேண்டும் என்று அவர் எண்ணாமல் இருக்கலாம். ஆனால் ஒருவருக்கென்று வாங்கிய பணத்தை மற்றொருவருக்குச் செலவிடுவதற்கு வேறு என்ன பெயர் இருக்கிறது?

இது ஓர் ஊரின் கதை மட்டும் அன்று. 2013-ல் நம் அண்டை மாநிலமான கேரளத்தில், சூரிய மின் அமைப்புகள் தருவதாகச் சொல்லிப் பலரிடம் முன்பணம் பெற்று ஏமாற்றிய வழக்கு வெளிப்பட்டு, மாநில அரசையே உலுக்கிற்று; நீதி விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. அது பெரிய இடத்துப் பெரிய மோசடி. நம் ஊர்களில் நிகழ்வதோ சிறிய சிறிய வாக்குத் தவறல்கள். செய்தித்தாளில் வராதவை, ஆனால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு நிம்மதியைக் குடித்துவிடுபவை.

ஏழாம் கட்டளை களவைத் தடுக்கின்றது என்றதும், சுவரில் கன்னம் வைப்பவனும் பேருந்தில் பையைக் கத்தரிப்பவனுமே நம் கண்முன் வருகின்றனர். 1992-ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, இக்கட்டளைக்கு மாறான செயல்களைப் பட்டியலிடும்போது, ஒழுங்காகச் செய்யப்படாத வேலையையும் அவற்றுள் ஒன்றாகக் குறிக்கின்றது. இது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். துளையை அடைக்காமல் இறங்கி வந்த கொத்தனார், நேரம் போதாதென்று பாடத்தை விழுங்கிய ஆசிரியர், கையொப்பமிட்டுவிட்டுக் காணாமற்போகும் அலுவலர், எவராயினும் சரி, பாதி வேலைக்கு முழுக் கூலி பெறும் ஒவ்வொருவரும் இக்கட்டளையின் எல்லைக்குள் வருகின்றனர். கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைப்பதோ அதனினும் கொடிது. அந்தக் கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிகளை எட்டுகின்றது என்பது திருத்தூதர் யாக்கோபின் எச்சரிக்கை.

கையொப்பமிட்டவரையும் நாம் விட்டுவிடலாகாது. ‘சம்பிரதாயத்துக்காக’ எழுதும் பொய்யும் பொய்தான். அந்த ஒரு கையொப்பம் ஆசிரியரின் வாயைக் கட்டியது. அவருடைய நியாயத்தைப் பாதியாக்கியது. நிறுவனத்திற்கு ஒரு கேடயம் ஆயிற்று. எட்டாம் கட்டளையை நாம் சற்றே வளைத்தால், ஏழாம் கட்டளையைப் பிறர் முறிப்பதற்கு வழி திறந்துவிடுகின்றோம்.

நம்மவர் மேல் முறையிடலாமா?

ஆறு மாதம் ஆசிரியர் பொறுத்தார். ஏன் முறையிடவில்லை என்று கேட்டதற்கு அவர் தந்த விடை, நம் பங்குகளில் பலர் தரும் விடைதான். “நம்மவரை எப்படிக் காட்டிக் கொடுப்பது? பவுலடியார் கொரிந்தியரைக் கண்டித்திருக்கிறாரே” என்றார். உண்மை. சகோதரன் சகோதரன்மேல் வழக்குக்குப் போவதைப் பவுலடியார் கண்டித்தார். ஆனால் அதே இடத்தில் அவர் கேட்பதை நாம் மறந்துவிடுகின்றோம்: சகோதரர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லத்தக்க அறிவாளி ஒருவனும் உங்களுள் இல்லையா என்று கேட்கின்றார். பேசாமல் ஏமாந்துகொண்டே இருங்கள் என்பதன்று அவர் கருத்து. சபையே நீதி செய்யட்டும் என்பதும் அதில் அடங்கும். அந்தப் பவுலடியாரே, தமக்கு நீதி கிட்டாது என்று கண்டபோது, உரோமைக் குடிமகன் என்ற உரிமையைக் கொண்டு சீசரிடம் மேல்முறையீடு செய்தவர்.

நம் ஆண்டவரோ இதற்கு ஒரு படிவரிசையையே வகுத்துக் கொடுத்திருக்கின்றார். மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு. கேளாவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாக அழைத்துப் போ. அதற்கும் செவிசாய்க்காவிட்டால் சபையிடம் சொல். இதில் எங்கும் ‘சும்மா இரு’ என்ற படி இல்லை.

2025 தவக்காலத்தில் ஆசிரியர் இந்தப் படிகளில் ஏறினார். தனியே பேசியது பயன் தராததால், வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த இருவரை அழைத்துக்கொண்டு பொருத்துநரின் வீட்டுக்குப் போனார். பின்னர்ப் பங்குக் குருவின் முன்னிலையில் அமர்ந்தனர். குருவானவர் அறிவுரை அதிகம் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டோம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, எது முடிந்தது, எது முடியவில்லை, எந்தத் தேதிக்குள் முடியும் என்று மூன்று கேள்விகளுக்கு மட்டும் எழுத்தில் பதில் கேட்டாராம். ஞாயிறுதோறும் இருவரும் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்கி வந்தவர்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்க வருமுன் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்ற போதனை, அன்று அந்த அறையில் வெறும் மேற்கோளாக இருந்திருக்க முடியாது.

எழுதிக் கொடுத்த தேதியும் கடந்தது. அதன்பின் ஆசிரியர் நான்காம் படியில் காலை வைத்தார். நிறுவனத்திற்கும் பொருத்துநருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினார். முன்னர்த் தாம் இட்ட கையொப்பம் உண்மைக்கு மாறானது என்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். அதன் நகலை வங்கிக்கும் கொடுத்தார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தார். மூன்று வாரங்களில் இன்வெர்ட்டர் வந்தது. மின்வாரியத்தார் மே மாதத்தில் மீட்டரை மாற்றினர். மானியமும் பின்னர் வந்து சேர்ந்தது.

வேலை முடிந்த அன்று ஆசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார். நிறுவனம் பொருத்துநருக்குத் தர வேண்டிய மீதியிலிருந்து, அந்த மூன்று இளைஞர்களின் கூலி தம் கண்முன்னே எண்ணிக் கொடுக்கப்பட வேண்டும் என்றார். கொடுக்கப்பட்டது. ஆனால் வீணாகக் கட்டிய வட்டியும், கூரை ஒழுக்கைச் சரிசெய்த செலவும் இன்றுவரை ஆசிரியர் கணக்கிலேயே நிற்கின்றன. சக்கேயு, தான் ஏமாற்றியது எதுவாயினும் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக ஆண்டவர் முன் எழுந்து நின்று சொன்னான். நம்மிடம் நான்கு மடங்கை எவரும் கேட்கவில்லை. ஒரு மடங்கையாவது திருப்பினால் போதும். பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்றவனுக்கும் ஈடுசெய்யும் கடமை நீங்குவதில்லை என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற ஞானோபதேசம்.

கோபுரம் கட்டுபவன் கணக்கு

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று கேட்டவர் நம் ஆண்டவர். கூரையில் தகடு ஏற்ற விரும்பும் குடும்பங்களும் அவ்விதமே முதலில் உட்கார வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும். அவர்களுக்குப் பயன்படும் என்று சிலவற்றைக் கீழே தருகின்றோம்.

முதலாவது, நிழல். தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுபவை. ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளில் ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளர்வதுபோல, ஒரு தகட்டின்மேல் தென்னை நிழலோ நீர்த்தொட்டியின் நிழலோ விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் குறையக்கூடும். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மாடியேறி, நிழல் எங்கே விழுகின்றது என்று நாமே பார்க்க வேண்டும். கிலோவாட் ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் தேவைப்படும்.

இரண்டாவது, மின்வெட்டு. ‘கரண்ட் போனாலும் சோலார் எரியும்’ என்று பலர் எண்ணுகின்றனர். மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இதை முன்கூட்டிச் சொல்லாத வியாபாரி முழு உண்மையையும் சொல்லவில்லை என்று கொள்க.

மூன்றாவது, காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையில் செய்த அழிவைக் கண்டவர்கள் நாம். பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஆகவே சட்டங்கள் துருப்பிடிக்காத பூச்சுள்ளவையா, தளத்தில் உறுதியாகப் பதிக்கப்பட்டனவா, துளைகள் நீர் புகாமல் அடைக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். எர்த் இணைப்பும் இடிதாங்கியும் இல்லாமல் வேலை முடிந்ததாக ஏற்கலாகாது.

நான்காவது, தகடு. இத்திட்டத்தில் மானியம் பெற, உள்நாட்டில் செய்த தகடுகளையே பொருத்த வேண்டும். தகட்டின் பின்புறமுள்ள வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்தாண்டுப் பராமரிப்பு பொருத்துபவரின் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பணம். தவணைகளை வேலையின் நிலைகளோடு கட்டுங்கள்: பொருள் வந்ததும் இவ்வளவு, தகடும் இன்வெர்ட்டரும் பொருத்தியதும் இவ்வளவு, மீட்டர் மாற்றி இயங்கியதும் மீதி. ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முடியாத வேலைக்கு ‘முடிந்தது’ என்று கையொப்பம் வேண்டாம். கேட்பவர் யாராயினும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு தவறு நேர்ந்தால், சட்டம் நம் பக்கம் இருக்கின்றது. திட்டத்தைப் பற்றிய ஐயங்களுக்கு 15555, நுகர்வோர் முறையீட்டுக்கு 1915 என்ற எண்கள் உள்ளன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, நம்மவர்க்குக் கடலூரிலேயே, வழக்குப் பதியலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். குறைபாடு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

இரு திறத்தாருக்கும் ஒரு சொல்

பொருத்தும் தொழிலில் இருப்போர் அனைவரையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் பங்குகளில் தொழிற்பயிற்சி முடித்த இளைஞர் பலருக்கு இது புதிய பிழைப்பு. சித்திரை வெயிலில், கை வைத்தால் சுடும் தளத்தில் நின்று, நேர்மையாக வேலை முடித்துத் தருவோரை நாம் அறிவோம். அவர்களையும் வருத்தும் வீட்டுக்காரர்கள் உண்டு. பத்துப் பேரிடம் விலை கேட்டுக் கடைசியாக வந்தவரின் கழுத்தை நெரிப்பது, வேலை குறைவின்றி முடிந்த பின்னும் ‘அடுத்த மாதம்’ என்று மீதியை இழுத்தடிப்பது, இவையும் கூலியைப் பிடித்து வைக்கும் பாவமே. கட்டாத விலைக்கு வேலை பிடித்தவன் எங்காவது ஒரு மூலையில் குறைவைக்கத்தான் செய்வான். அந்த மூலை நம் கூரையாகவே இருக்கும்.

1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாசரேத்து ஊரில் கதவுக்கும் கலப்பைக்கும் மரம் இழைத்த அந்தத் தச்சரைப் பற்றி நற்செய்தி நூல்கள் அதிகம் சொல்லவில்லை. அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. நீதிமான் என்று மட்டும் சொல்கின்றன. தொழிலாளிக்கு அதைவிடப் பெரிய நற்சான்று ஏது? ‘அவர் நம்மவர்’ என்ற சான்றை நாம் இனி எளிதில் கொடுக்கவும் வேண்டாம், எளிதில் ஏற்கவும் வேண்டாம். ‘அவர் எடுத்த வேலையை முடிப்பவர்’ என்ற சான்றைக் கேட்டுப் பெறுவோம். நம்மைப் பற்றிப் பிறர் அவ்விதம் சொல்லத்தக்கவாறு நாமும் நடப்போம்.

இத்திங்கள் செபமாலை முடிந்தபின் குடும்பத்தார் கூடியிருக்கையில், ஒரு கேள்வியை எல்லாரும் கேட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். நாம் பணம் வாங்கிக்கொண்டு பாதியில் விட்ட வேலை ஏதேனும் உண்டா? வேலை முடிந்தும் நாம் கொடாமல் வைத்திருக்கும் கூலி ஏதேனும் உண்டா? உண்டென்றால், அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் அந்த வீட்டு வாசலுக்குப் போய் வருவோம்.